உங்கள் தங்கை என்னை முதல் படியில் நிறுத்தியது குறித்து

பேரன்புக்கும் பெருமதிப்புக்கும் உரிய மச்சான் அவர்களுக்கு,

உங்கள் தங்கையின் கணவன் எழுதிக்கொள்வது. வழக்கமாக இந்த இடத்தில் நாங்கள் எல்லோரும் நலம் என்று எழுதிவிட்டு மேலே போவேன். போன ஞாயிற்றுக்கிழமை அப்படித்தான் எழுதத் தொடங்கினேன். பின்னால் வந்து எட்டிப் பார்த்த உங்கள் தங்கை, ஒருவர் நலம் என்பதை அளந்து பார்த்துத்தான் சொல்ல வேண்டும், வாய்க்கு வந்தபடி எழுதக் கூடாது என்றாள். அந்தத் தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு இதை எடைமேடை அறையில் உட்கார்ந்து, ஒரு லாரிக்கும் அடுத்த லாரிக்கும் நடுவில் எழுதுகிறேன். ஆகவே நாங்கள் நலமா என்பது இப்போதைக்குப் பரிசீலனையில் இருக்கிறது. நீங்களும், நான் உடன்பிறந்த அக்காவாகவே நினைக்கும் உங்கள் மனைவியும், பிள்ளைகளும் நலமாக இருப்பீர்கள் என்று, அளவு எதுவும் எடுக்காமலேயே, நம்புகிறேன்.

போனில் சொல்லியிருக்கலாமே என்று கேட்பீர்கள். எங்கள் வீட்டில் போனில் பேசுகிற நிலைமை இல்லை. நான் குரலை உயர்த்தினால் போதும், கையில் ரத்த அழுத்தம் பார்க்கிற பட்டையைக் கட்டிக் காற்றடித்து, கோபத்துக்கு முன் இவ்வளவு, கோபத்துக்குப் பின் இவ்வளவு என்று குறித்துக்கொள்கிறாள். கோபப்படுவதற்குக்கூட வீட்டில் எனக்குத் தனிமை கிடையாது.

நடந்ததை முதலிலிருந்து சொல்கிறேன், பிறகு நீங்களே நியாயம் சொல்லுங்கள். உங்கள் தங்கை இருபத்தைந்து வருடம் ஆஸ்பத்திரி வார்டில் நர்ஸாக இருந்தவரை எனக்கு எந்தத் தொந்தரவும் இருந்ததில்லை. அங்கே நோயாளிகளை மிரட்டிக் களைத்துப்போய் வருவாள். வீட்டில் என்னை மிரட்ட அரை மணி நேரத்துக்கு மேல் தெம்பு இருக்காது. உப்பைக் குறைக்கச் சொல்வாள், மாத்திரை போட்டாயிற்றா என்பாள், கொஞ்சம் நடந்தால் கால் தேய்ந்தா போய்விடும் என்பாள். நான் ‘ம்’ என்பேன். அதோடு முடிந்தது. ஒரு குடும்பம் இதைவிட அமைதியாக நடக்க முடியாது. போன வருடக் கடைசியில்தான் அவளுக்கு அந்த யோசனை வந்தது. வார்டுக்குத் தூக்கி வரப்படுகிறவர்களில் பாதிப்பேர் வந்திருக்கவே வேண்டியதில்லை, பத்து வருடம் முன்னால் யாராவது அவர்கள் வீட்டு வாசலில் போய் நின்று பேசியிருந்தால் போதும் என்று சொல்ல ஆரம்பித்தாள். சொன்னதோடு நிற்காமல், வீடு வீடாகப் போகிற நர்ஸ் வேலைக்கு மாற்றலும் வாங்கிக்கொண்டாள். அதற்கு ஆறு மாதப் பயிற்சி. பயிற்சியில் தேறுவதற்கு ஒரு ஆள் வேண்டும். அந்த ஆளைப் பன்னிரண்டு வாரம் தொடர்ந்து போய்ப் பார்த்து, அவருடைய கெட்ட பழக்கம் ஒன்றையாவது அவரே விட்டுவிடும்படி செய்து, அதைப் பதிவேட்டில் எழுதிக் காட்ட வேண்டும்.

முதலில் ஒரு தையற்காரரைப் பிடித்தாள். அவர் இரண்டாவது வாரமே மகன் வீட்டுக்குக் குடிபோய்விட்டார். அடுத்து ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை ஒருவர். அந்த அம்மாள் முதல் வாரத்திலேயே சொன்னதையெல்லாம் செய்து முடித்துவிட்டு, அடுத்து என்ன என்று கேட்டாராம். இவளுக்குச் செய்ய ஒன்றும் மிச்சமில்லை. அதற்குப் பிறகுதான் அவள் கண் என் மேல் விழுந்தது. சொந்தக்காரரை எடுத்துக்கொள்ளலாமா என்று அவளுடைய மேற்பார்வை சிஸ்டர் தயங்கியிருக்கிறார். அதற்கு இவள் சொன்ன பதிலை இவளே என்னிடம் வந்து பெருமையாகச் சொன்னாள்.

“இவரை மாத்திட்டா, அப்புறம் நான் எந்த வீட்டுக் கதவையும் தைரியமாத் தட்டலாம் சிஸ்டர்னு சொன்னேன். உடனே சரின்னுட்டாங்க.”

அன்றைக்கே நான் முடிவு செய்துவிட்டேன், மச்சான். என்ன ஆனாலும் மாறுவதில்லை.

முதல் செவ்வாய்க்கிழமை மாலை வாசல் மணி அடித்தது. திறந்தால் உங்கள் தங்கை நிற்கிறாள். சீருடை, தோளில் பை, நெஞ்சில் அடையாள அட்டை. சாவி அவள் கையிலேயே இருக்கிறது. உள்ளே வரலாமா என்று கேட்டாள். இது உன் வீடு என்றேன். இன்றைக்கு நான் நர்ஸாக வந்திருக்கிறேன், நீங்கள் அனுமதித்தால்தான் உள்ளே வர முடியும் என்றாள். எதிர்வீட்டுக்காரர் செடிக்குத் தண்ணீர் விடுவதை நிறுத்திவிட்டு எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். வேறு வழியில்லாமல் என் மனைவியை என் வீட்டுக்குள் வரச் சொன்னேன். நாற்காலி நுனியில் விருந்தாளி மாதிரி உட்கார்ந்துகொண்டு என் பெயர், வயது, தொழில் எல்லாம் கேட்டாள். திருமணமானவரா என்றும் கேட்டாள். சந்தேகமாக இருக்கிறது என்றேன். அதையும் எழுதிக்கொண்டாள். பிறகு அளவு எடுத்தாள். நூற்றெழுபத்தெட்டுக்கு நூற்று நாலு. உங்கள் உடம்பைப் பற்றி உங்களுக்கு இப்போது இருக்கிற பெரிய கவலை என்ன என்று கேட்டாள். நீதான் என்றேன். வார்டு நர்ஸாக இருந்த காலத்தில் இதற்கு ஒரு பதில் வந்திருக்கும், அதற்கு நான் ஒன்று சொல்லியிருப்பேன், பொழுது போயிருக்கும். இப்போதோ தலையை ஆட்டி, “அதைப் பத்தி இன்னும் கொஞ்சம் சொல்லுங்க” என்கிறாள்.

இதுதான் மச்சான், புது வித்தை. திட்டுவது கிடையாது, புத்தி சொல்வது கிடையாது. ஒரு கேள்வியைக் கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறாள். திட்டினால் திருப்பித் திட்டலாம். சும்மா இருப்பவளை என்ன செய்வது? இரண்டாவது செவ்வாய்க்கிழமை, மாத்திரை விஷயத்தில் எது உங்களுக்குச் சிரமமாக இருக்கிறது என்று கேட்டுவிட்டு அப்படித்தான் உட்கார்ந்திருந்தாள். சுவர்க் கடிகாரம் ஓடுகிற சத்தம் எனக்குக் கேட்டது. கொஞ்ச நேரத்தில் என் வாய் தானாகத் திறந்துகொண்டது. இரண்டு வருடமாக மாத்திரையை விழுங்கவில்லை, வாங்கி வந்து கொடுப்பதையெல்லாம் எடைமேடை அறையில் சீட்டுச் சுருள்களுக்கு அடியில் போட்டு வைத்திருக்கிறேன், எனக்குத்தான் உடம்புக்கு ஒன்றும் செய்யவில்லையே, ஒன்றும் செய்யாத உடம்புக்கு எதற்கு மாத்திரை என்று எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். சொல்லி முடித்த பிறகுதான் என்ன செய்தேன் என்றே புரிந்தது. இப்போதாவது கத்தப்போகிறாள் என்று காத்திருந்தேன். அவள் முகம் ஒரு நிமிடம் வெளுத்தது. ஆனால் கத்தவில்லை. ஏன் கத்தவில்லை என்று நானே கேட்டுவிட்டேன்.

“கத்தினா நாளையிலேருந்து போடுவீங்களா?”

“மாட்டேன்.”

“அப்புறம் எதுக்கு நான் தொண்டையைப் புண்ணாக்கிக்கணும்?” என்று சொல்லிவிட்டுக் குறித்துக்கொண்டாள்.

மறுநாள் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒரு படம் ஒட்டியிருந்தது. ஏணி மாதிரி ஐந்து படிகள். மனிதன் பழக்கத்தை மாற்றிக்கொள்வதற்கு முன்னால் ஒவ்வொரு படியாக ஏறுகிறானாம். கடைசிப் படியில் நிற்பவன் மாறி, மாறினபடியே இருக்கிறவன். முதல் படியில் நிற்பவன் மாறுவதைப் பற்றி யோசிக்கவே யோசிக்காதவன். அந்த முதல் படியில் பென்சிலால் ஒரு குண்டு மனிதனை வரைந்திருந்தாள். மீசையைப் பார்த்ததும் யார் என்று தெரிந்துவிட்டது.

எனக்கு எவ்வளவு அவமானமாக இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். இருபத்து நாலு வருடமாக இந்தச் சரக்குக் கிடங்கின் வாசலில் உட்கார்ந்து வருகிற லாரி போகிற லாரி எல்லாவற்றையும் எடை போடுகிறேன். ஒரு சீட்டில்கூடத் தப்பு வந்ததில்லை. என்னைப் போய் யோசிக்காதவன் என்றால்? அன்று முழுக்க அதையே யோசித்தேன். உப்பைப் பற்றி யோசித்தேன், மாத்திரையைப் பற்றி யோசித்தேன், இவள் என்னைப் பற்றி நினைப்பது தவறு என்று எப்படிக் காட்டுவது என்று யோசித்தேன். சாயங்காலம் வீட்டுக்கு வந்து, நான் ஒன்றும் யோசிக்காதவன் அல்ல, காலையிலிருந்து அதைத்தான் யோசித்துக்கொண்டிருக்கிறேன் என்று உறுமினேன். அவள் போய் முதல் படியில் இருந்தவனை அழித்துவிட்டு இரண்டாவது படியில் வரைந்தாள். இரண்டாவது படி, யோசிக்கத் தொடங்கியவனுக்கு உரியதாம். இப்படி ஒரு பொறியை நீங்கள் எங்கேயாவது பார்த்திருக்கிறீர்களா? யோசிக்கவில்லை என்றால் மட்டம் தட்டுகிறார்கள், யோசித்தால் ஏற்றிவிடுகிறார்கள்.

அடுத்தது எடை. வீட்டில் இருக்கிற சின்னத் தராசு தொண்ணூற்று நாலு காட்டியது. அந்தத் தராசுக்கு முத்திரை கிடையாது, வருடாந்திரப் பரிசோதனை கிடையாது, அதை நான் ஏற்க மாட்டேன் என்றேன். தொழில் தெரிந்தவன் பேச்சு அது. மறுநாள் மதியம் மேடை காலியாக இருந்த நேரம் பார்த்து, கூட வேலை செய்கிற ஒல்லியை அறையில் உட்கார வைத்துவிட்டு நானே மேடையில் போய் நின்றேன். பதினெட்டு மீட்டர் நீள மேடையின் நட்டநடுவில் ஒற்றை ஆளாக. என் மேடை லாரிகளுக்கானது, இருபது இருபது கிலோவாகத்தான் காட்டும். ஒல்லி கண்ணாடிக்கு உள்ளிருந்து நூறு என்றான். செருப்பைக் கழற்றினேன். நூறு. சாவிக்கொத்து, போன், இடுப்பு வார் எல்லாவற்றையும் கழற்றி ஓரமாக வைத்தேன். நூறு. அதற்குள் வாசலில் மூன்று லாரிகள் வந்து நின்றுவிட்டன. முதல் லாரியில் சிமெண்ட் ஏற்றி வந்த டிரைவர் தலையை வெளியே நீட்டி, “அண்ணே, இது காலி எடையா, சரக்கோடயா?” என்று கேட்டார். பின்னால் இருந்த இரண்டு பேருக்கும் கேட்கும்படி கேட்டார். அதோடு போயிருந்தால் பரவாயில்லை. ஒல்லி பழக்க தோஷத்தில் பொத்தானை அமுக்கிச் சீட்டு அடித்துவிட்டான். சீட்டைக் கிழித்தாலும் பதிவில் இருக்குமே. மாலையில் மேலாளர் கூப்பிட்டு, மதியம் ஒன்றே காலுக்கு நூறு கிலோ எடையில் ஒரு வண்டி வந்துபோயிருக்கிறதே, அது என்ன வண்டி என்று கேட்டார். சொந்த வண்டி என்றேன். அவர் என்னை மேலிருந்து கீழ் ஒரு தடவை பார்த்துவிட்டுப் பதிவை மூடிவிட்டார். அன்றிலிருந்து உங்கள் தங்கையின் தராசை நான் குறை சொல்வதில்லை. ஆறு கிலோ சாதகமாகத்தானே காட்டுகிறது.

நான்காவது வாரம் ஒரு இலக்கு வைக்கச் சொன்னாள். அவள் வைக்கக் கூடாதாம், நானேதான் வைக்க வேண்டுமாம். கேலி செய்வதற்கு இதைவிட நல்ல சந்தர்ப்பம் கிடைக்காது என்று, தினமும் வாசலிலிருந்து தெருமுனைத் தபால் பெட்டி வரை நடந்து திரும்புவேன் என்றேன். போக நாற்பது காலடி, வர நாற்பது காலடி. சிரிப்பாள் என்று பார்த்தேன். துளிகூடச் சிரிக்காமல் பெரிய ஒப்பந்தம் மாதிரி அதைத் தாளில் எழுதி, தான் கையெழுத்துப் போட்டு, என்னிடமும் கையெழுத்து வாங்கிவிட்டாள். அங்கேதான் நான் ஏமாந்தேன். கையெழுத்துப் போட்ட சீட்டை மாற்றிப் பழக்கமில்லாதவன் நான் என்பது அவளுக்குத் தெரியும். மறுநாளிலிருந்து தினமும் தபால் பெட்டி வரை போய்த் திரும்ப வேண்டியதாயிற்று. மூன்றாம் நாள் எதிர்வீட்டுக்காரர், கடிதம் ஏதாவது எதிர்பார்க்கிறீர்களா, தினமும் பெட்டியைப் போய்ப் பார்க்கிறீர்களே என்று அனுதாபமாக விசாரித்தார். அவர் முன்னால் அங்கிருந்து திரும்பக் கூச்சமாக இருந்ததால் நேராக நடந்து பூங்காவைச் சுற்றிக்கொண்டு வந்தேன். அடுத்த நாளும் அவர் நின்றிருந்தார். அதற்கு அடுத்த நாளும். மனுஷனுக்கு வேறு வேலையே கிடையாது. இப்படி ஒரு வாரம் ஆன பிறகு, கோபத்தில் நடந்ததை நடையில் சேர்க்கக் கூடாது என்று உங்கள் தங்கையிடம் கண்டிப்பாகச் சொன்னேன். எதற்காக நடக்கிறோம் என்பது காலுக்குத் தெரியாது என்று சொல்லிச் சேர்த்துக்கொண்டாள்.

ஆனாலும் மாத்திரை விஷயத்தில் நான் அசையவில்லை. நடை கௌரவப் பிரச்சினை, மாத்திரை கொள்கைப் பிரச்சினை.

இதற்கு மேல் எழுதுவதை நீங்கள் படபடப்பில்லாமல் படிக்க வேண்டும். ஆறாவது வாரம் வியாழக்கிழமை மதியம் இரண்டரை மணிக்கு ஒரு இரும்புக் கம்பி லாரி மேடையேறியது. திரையில் பதினெட்டாயிரத்து நானூற்று அறுபது என்று பார்த்தேன். எழுதப் பேனாவை எடுத்தேன். பேனா கீழே விழுந்தது. குனிந்து எடுக்கப் பார்த்தால் வலது கை என் கையாக இல்லை. திரையில் இருந்த எண்கள் இரண்டிரண்டாகத் தெரிந்தன. ஜன்னலில் நின்ற டிரைவர் சீட்டு கேட்டார். இருபத்து நாலு வருடத்தில் எத்தனை லட்சம் தடவை சொல்லியிருப்பேனோ அந்தச் சொல்லை, ‘சீட்டு’ என்கிற சொல்லை, எனக்குச் சொல்ல வரவில்லை. தெரிகிறது, வாயில் வரவில்லை. டிரைவர் கண்ணாடியைத் தட்டி ஒல்லியைக் கூப்பிட்டார். பத்து நிமிடம் இருக்கும். பிறகு கை வந்தது, பேச்சு வந்தது. நிமிர்ந்து உட்கார்ந்து, வெயில் அதிகம், வேறொன்றும் இல்லை என்று சொல்லிவிட்டு அடுத்த லாரியைக் கூப்பிடப் போனேன். ஒல்லி, வாழ்நாளில் முதல்முறையாக என் பேச்சைக் கேட்காமல், மேடையை மூடி வாசலில் சங்கிலியை மாட்டிவிட்டு உங்கள் தங்கைக்குப் போன் செய்தான்.

அவள் வந்ததைப் பார்த்தீர்களானால் சொல்வீர்கள். யாரோ ஒருவர் வீட்டில் அளவு எடுத்துக்கொண்டிருந்தவள், பட்டையைப் பையில் போடக்கூட நேரமில்லாமல் கழுத்தில் போட்டுக்கொண்டு ஓடிவந்திருக்கிறாள். என் முன்னால் நின்று சிரிக்கச் சொன்னாள். இரண்டு கையையும் தூக்கச் சொன்னாள். பெயரைச் சொல்லச் சொன்னாள். உங்கள் கருத்து என்ன என்றெல்லாம் கேட்கவில்லை. ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்துவிட்டு டாக்டர் சொன்னார், மூளைக்குப் போகிற ரத்தம் கொஞ்ச நேரம் தடைப்பட்டுத் தானாகவே திறந்துகொண்டது, அடுத்த தடவை திறக்கும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது என்று. இரண்டு நாள் அங்கேயே இருக்கச் சொன்னார்கள். உங்களுக்கு அப்போதே சொல்லாததற்கு என் பிடிவாதம்தான் காரணம், அவளைக் கோபித்துக்கொள்ள வேண்டாம். அவளிடம் என் மேல் சத்தியம் வாங்கிவிட்டேன்.

இரண்டாம் நாள் அவள் மருந்து வாங்கப் போயிருந்தபோது, மூக்குக்கண்ணாடியைத் தேடி அவள் பையைத் திறந்தேன். அந்தப் பதிவேடு இருந்தது. என்னைப் பற்றித்தானே, படித்தால் தப்பில்லை என்று பிரித்தேன். என்னைப் பற்றி எழுதியிருந்ததெல்லாம் எதிர்பார்த்ததுதான். கடைசியில், நர்ஸ் தன் மனதில் உள்ளதைத் தானே எழுத வேண்டிய பக்கம் ஒன்று இருந்தது. அதில் இருந்ததை நான் உங்களிடம் சொல்லலாமா என்று இரண்டு மாதமாக யோசித்தேன். சொல்வது என்று முடிவு செய்துவிட்டேன். உங்கள் அப்பா ஐம்பத்து நாலாவது வயதில் நாற்காலியில் உட்கார்ந்தபடியே போனாரல்லவா, அதற்கு ஒரு மாதம் முன்னால், முதலாண்டு நர்சிங் மாணவியாக விடுமுறைக்கு வந்திருந்த உங்கள் தங்கை விளையாட்டுப் போல அவருக்கு ரத்த அழுத்தம் பார்த்திருக்கிறாள். மிக அதிகமாக இருந்திருக்கிறது. கருவி பழுது, அல்லது தனக்குப் பார்க்கத் தெரியவில்லை என்று நினைத்துக்கொண்டு, நன்றாக இருக்கிறது அப்பா என்று சொல்லியிருக்கிறாள். அப்பாவுக்கும் சந்தோஷம். அவள் எழுதியிருந்த கடைசி வரியை அப்படியே தருகிறேன்: ‘பத்தொன்பது வயதில் ஒருவரைப் பயமுறுத்தத் தயங்கினேன். அதற்குப் பிறகு இருபத்தைந்து வருடம் எல்லோரையும் பயமுறுத்தினேன். இரண்டாலும் பயன் இல்லை.’

மச்சான், நீங்கள் என்னைவிட மூத்தவர். உங்களிடம் நான் குரலை உயர்த்தியதில்லை. ஆனால் இதைச் சொல்லியே ஆக வேண்டும். வீட்டில் ஒரு நர்ஸ் இருந்தும் அப்பாவைக் காப்பாற்ற முடியவில்லையே என்று நீங்கள் அவளைக் கிண்டல் செய்வது வழக்கம். வேடிக்கையாகத்தான் சொல்வீர்கள், தெரியும். நானும் கூடச் சேர்ந்து சிரித்திருக்கிறேன். இனி அதை நீங்கள் சொல்லக் கூடாது. சொன்னால், சாப்பாட்டு மேசையில் பாதிச் சாப்பாட்டில் இருந்தாலும் நான் எழுந்துவிடுவேன். ஏன் சொல்வதை நிறுத்தினீர்கள் என்று அவளுக்குத் தெரியவும் கூடாது. இதில் பேச்சுக்கே இடமில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். அன்றிலிருந்து மாத்திரை போடுகிறேன். இதை வைத்து நான் தோற்றுவிட்டேன் என்று நீங்கள் நினைக்கக் கூடாது. உங்கள் தங்கை சொன்னதற்காக நான் போடவில்லை. அந்த லாரிக்காரர் இருபது நிமிடம் வெயிலில் சீட்டுக்காக நின்றார், அது எனக்குப் பிடிக்கவில்லை, அதற்காகப் போடுகிறேன். பன்னிரண்டாவது வாரம் மேற்பார்வை சிஸ்டர் வீட்டுக்கு நேரிலேயே வந்தார். சின்ன உருவம், பெரிய கண்ணாடி, உட்கார்ந்ததும் வீட்டையே ஒரு தடவை எடை போடுகிற பார்வை. நமக்குப் பழக்கமான பார்வைதான். உங்கள் தங்கை சமையலறைக் கதவோரம் கையைப் பிசைந்துகொண்டு நின்றாள். வாழ்நாளில் அவளை அப்படி நான் பார்த்ததில்லை. நான் அப்போதும் என் நிலையை விட்டுக்கொடுக்கவில்லை. நிமிர்ந்து உட்கார்ந்து சொன்னேன்.

“மாத்திரை போடறேன். நடக்கறேன். உப்பையும் குறைச்சிருக்கேன். ஆனா இவ சொன்னதால ஒண்ணுகூடச் செய்யல. எல்லாம் என் இஷ்டம். அதை எழுதிக்குங்க.”

அந்த அம்மாள் பேனாவை மூடி வைத்துவிட்டு உங்கள் தங்கையைப் பார்த்துச் சிரித்தார். “இதுதான்மா வேணும். நீ சொன்னதால செய்யறவர், நீ இல்லாத அன்னிக்கு விட்டுடுவார்.”

முழு மதிப்பெண். இந்த வருடத்திலேயே சிறந்த பதிவாம். எதிர்த்தாலும் அவளுக்குத்தான் வெற்றி, பணிந்தாலும் அவளுக்குத்தான் வெற்றி என்றால் ஒரு மனிதன் எந்தப் பக்கம்தான் போவது? என்னைப் பற்றிய பதிவை மற்ற நர்ஸுகளுக்கும் படித்துக் காட்டினார்களாம். பெயர் போடவில்லை, ‘எடைமேடைப் பணியாளர் ஒருவர்’ என்று மட்டும்தான் போட்டிருக்கிறோம் என்கிறாள். இந்த ஊரில் இருப்பதே ஒரு எடைமேடை. இப்போது எடை போட வருகிற டிரைவர்கள் சீட்டை வாங்கிக்கொண்டு போகாமல், அண்ணே, எனக்கும் பின்மண்டை வலிக்கிறது, அது அதுவாக இருக்குமோ என்று ஜன்னலில் நிற்கிறார்கள். பத்து மணி நேரம் உட்கார்ந்தே ஓட்டுகிறவர்கள், வழியில் கிடைப்பதைத் தின்கிறவர்கள், அவர்கள் கேட்பதிலும் நியாயம் இருக்கிறது. போன புதன்கிழமை உங்கள் தங்கை மேலாளரிடம் பேசி, என் அறை வாசலிலேயே ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து நாற்பத்து மூன்று பேருக்கு அளவு பார்த்தாள். லாரிகள் தேசிய நெடுஞ்சாலை வரை வரிசையில் நின்றன. பெயர்களைக் கூப்பிடுகிற வேலையை யாரோ என் தலையில் கட்டிவிட்டார்கள். நான் கூப்பிட்டேன், ஆனால் சம்மதித்துக் கூப்பிடவில்லை.

ஆகவே மச்சான், உங்களை நான் கேட்டுக்கொள்வது இதுதான். அண்ணன் என்கிற உரிமையில் உங்கள் தங்கைக்கு ஒரு கடுமையான கடிதம் எழுதுங்கள். பயிற்சி முடிந்துவிட்டது, புருஷனை விட்டுவிடு என்று சொல்லுங்கள். செவ்வாய்க்கிழமை வாசல் மணி அடிப்பதை நிறுத்தச் சொல்லுங்கள். ஏணிப் படத்தை எடுக்கச் சொல்லுங்கள், இப்போது நான்காம் படியில் இருக்கிறேன், எனக்கு உயரம் ஒத்துக்கொள்ளாது. நான் என்றும் போல் அதே ஆள்தான், ஒரு மயிரிழைகூட மாறவில்லை என்பதற்கு நீங்களே சாட்சி. இந்த விஷயத்தில் ஆண்பிள்ளைகளான நாம் இரண்டு பேரும் ஒரே பக்கம் நிற்க வேண்டும். நம் உடம்பு நம்முடையது, அதைப் பற்றி நமக்குத் தெரியாதது நர்ஸுக்கு என்ன தெரியும் என்று கேட்க நாம் இரண்டு பேர்தான் இந்தக் குடும்பத்தில் மிச்சம் இருக்கிறோம்.

அக்காவுக்கு என் வணக்கத்தையும் பிள்ளைகளுக்கு என் ஆசியையும் தெரிவியுங்கள். நீங்களும் உங்கள் வீடும் வாசலும் குறைவில்லாமல் நிறைந்திருக்க வேண்டுகிறேன். அடுத்த லாரி ஹாரன் அடிக்கிறது, இத்துடன் முடிக்கிறேன்.

இப்படிக்கு,
என்றும் மாறாத,
உங்கள் அன்பு மாப்பிள்ளை

பின்குறிப்பு: இதை உறையில் போட்டு ஒட்டுவதற்குள் வீட்டிலிருந்து போன் வந்துவிட்டது. அக்கா உங்களுக்குத் தெரியாமல் உங்கள் தங்கைக்கு எழுதிய கடிதம் இன்று காலை வந்திருக்கிறதாம். போன வாரம் இரண்டு தடவை மாடிப்படியில் தலைசுற்றி உட்கார்ந்துவிட்டீர்களாம். கேட்டால் பித்தம் என்றீர்களாம். டாக்டர் பேச்சை எடுத்தாலே தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துபோகிறீர்களாம். உங்கள் தங்கை போனில் இதை முதல் வரியிலிருந்து மறுபடியும் படித்துக் காட்டினாள். அடுத்த மாதம் உங்களுக்கு எத்தனை வயது ஆகிறது என்று அவள் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. மேலே எழுதியிருப்பதில் உங்கள் அப்பாவைப் பற்றிய பகுதியை மட்டும் வைத்துக்கொண்டு மற்ற எல்லாவற்றையும் அடித்துவிடுங்கள். நாம் இரண்டு பேரும் ஒரே பக்கம் என்று எழுதியதை முதலில் அடியுங்கள். இருபத்து நாலு வருடத்தில் முதல்முறையாக நானாகவே நான்கு நாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டேன், மேடையை ஒல்லி பார்த்துக்கொள்வான். சனிக்கிழமை காலை முதல் பஸ்ஸில் நாங்கள் இருவரும் வருகிறோம். அவள் கேள்வி கேட்டுவிட்டுச் சும்மா உட்கார்ந்திருப்பாள், அவள் முறை அது. எனக்கு அவ்வளவு பொறுமை கிடையாது, நான் பழைய வார்டு முறைப்படி கத்துவேன். வெளியூர் போகிறேன், வேலை இருக்கிறது என்று எதையும் சொல்லிப் பார்க்க வேண்டாம். அரைக்கைச் சட்டையாகப் போட்டுக்கொண்டு வீட்டில் இருங்கள்.